பதினேழு இடங்களில் ஒரே திருத்தம்

அச்சகத்தில் எல்லோரும் அவளை டைப்பிங்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மூலை, ஒரே நாற்காலி. எதிரே கம்ப்யூட்டர், இடது கைப்பக்கம் கையெழுத்துத் தாளைச் செருகி வைக்கும் சாய்வுப் பலகை, முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். அடுத்த அறையில் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேஜை லேசாக அதிரும். அந்த அதிர்விலேயே டீ குடித்து, அந்த அதிர்விலேயே சாப்பிட்டு, வீட்டுக்குப் போனால் கட்டில் ஏன் சும்மா கிடக்கிறது என்று யோசிக்கிற அளவுக்கு ஊறிப்போன பிழைப்பு.

வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒன்று, அவள் எதையும் படிக்க மாட்டாள். அடிப்பாள், அவ்வளவுதான். "கண்ணு வழியா உள்ள வரும், விரல் வழியா வெளிய போயிடும், நடுவுல நான் இல்ல" என்று பெருமையாகச் சொல்வாள். இதில் என்ன பெருமை என்று கேட்காதீர்கள். அந்தத் தொழிலில் அது பெருமைதான். படித்துக்கொண்டே அடிக்கிறவள் பாதிக் கதையில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பக்கம் நகராது.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது தட்டச்சுக்காரர்கள் எல்லோருக்கும் உள்ளது. புதிதாக ஒரு வேலை வந்தால் வெற்றுப் பக்கத்தில் தொடங்க மாட்டார்கள். பழைய வேலை ஒன்றைத் திறந்து, வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, அதன் மேலேயே புதியதை அடிப்பார்கள். எழுத்தின் அளவு, பக்க ஓரம், பக்க எண் எல்லாம் அதில் சரியாக அமைந்திருக்கும். புதிதாக ஓர் அத்தியாயம் அடித்ததும் பழையதில் ஓர் அத்தியாயத்தை அழித்துக்கொண்டே போக வேண்டியது. அரை நாள் வேலை மிச்சம்.

ஆபத்தும் அதில்தான். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இப்படித்தான் ஒரு கல்யாணப் பத்திரிகையின் மேல் இரங்கல் அட்டையை அடித்தார், கடைசி வரியை அழிக்க மறந்தார். செத்தவரின் படத்துக்குக் கீழே 'சுற்றம் சூழ வந்திருந்து மகிழ்ச்சியில் பங்கு கொள்ள வேண்டுகிறோம்' என்று அச்சாகி வீடு வீடாகப் போய்விட்டது. மறுநாளே முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் டைப்பிங்கம்மாவும் ஒருத்தி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் குடிநீர் மீட்டர் பார்க்கிற ஒருவர் கோடு போட்ட நோட்டுகளோடு வந்தார். எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். வீடு வீடாகப் போய் அளவு குறிப்பது பகல் வேலை, விடிவதற்கு முன் எழுந்து நாவல் எழுதுவது அவருடைய சொந்த வேலை. பதினோரு அத்தியாயம். கடைசி அத்தியாயத்தில் கையெழுத்து ஒரேயடியாக நடுங்கியிருந்ததால் அவளால் பிடிக்க முடியவில்லை. அவரே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிக்க, அவள் கேட்டு அடித்தாள். ஒரு கிழவி செத்துப்போய் வீடு பூட்டிக் கிடக்கிறது. மீட்டர் பார்க்க வருகிறவன் எட்டிப் பார்க்கிறான். ஆளில்லாத வீட்டில் மீட்டர் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் எங்கே போகிறது என்று அவன் வீட்டைச் சுற்றித் தேடுவதுதான் அந்த அத்தியாயம்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பெரியவரின் நாவல் வந்தது. பெயர் பெற்ற எழுத்தாளர், மேடைகளில் சால்வை போர்த்திப் போர்த்தித் தோளே மறைந்துபோன ஆள். ஆனால் பத்து வருஷமாகப் பேனா ஓடவில்லை என்று அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்து அத்தியாயம் கொடுத்து, "முடிவு பின்னால வரும், இதுவரைக்கும் அடிச்சு ப்ரூஃப் குடுங்க" என்றார். அவள் வழக்கம்போல் பழைய வேலை ஒன்றைத் திறந்தாள். மீட்டர்காரருடையது. பத்து அடித்தாள், பத்து அழித்தாள். மீட்டர்காரரின் பதினொன்றாவது அத்தியாயம் கீழே அப்படியே நின்றது. அதை அவள் பார்க்கவில்லை. மொத்தத்தையும் பிழை பார்த்துத் திருத்துகிற ப்ரூஃபாக அச்செடுத்து அனுப்பிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ப்ரூஃப் சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. "முடிவு நல்லா அமைஞ்சிடுச்சு, அப்படியே அச்சுக்குப் போகலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் பெரியவர். திருத்தம் போடும்போது அவள் அடித்த சொல்லைப் பார்ப்பாள், மேலே எழுதிய சொல்லைப் பார்ப்பாள், மாற்றுவாள். வேறெதையும் பார்க்க மாட்டாள். திருத்தங்களை எல்லாம் போட்டு முடித்து, புத்தகம் வெளியே போயிற்று.

பரிசு கிடைத்த பிறகுதான் வினை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் பெரியவரின் படமும், 'இலக்கியத்தின் உச்சம்' என்று போட்டு நாவலின் கடைசி அத்தியாயமும் முழுசாக வந்திருந்தன. பூட்டிய வீடு. செத்துப்போன கிழவி. ஓடிக்கொண்டிருக்கும் மீட்டர். மற்றதெல்லாம் கண் வழியாக வந்து விரல் வழியாகப் போய்விட்டது, இது ஒன்றுதான் காது வழியாக உள்ளே போய் அங்கேயே தங்கியிருந்தது. பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டு, அலமாரியில் கிடந்த பழைய ப்ரூஃப் கட்டை எடுத்துப் புரட்டினாள்.

பதினொன்றை அழிக்காமல் விட்டது அவள் தப்பு. அது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் பதினொன்றாவது அத்தியாயத்தில் 'மீட்டர்காரன்' என்று வந்த இடத்தில் எல்லாம் சிவப்பு மையில் அடித்து, மேலே 'மகன்' என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தாள். பதினேழு இடம். செத்த கிழவியின் மகன் ஊரிலிருந்து திரும்பி வந்து மீட்டரைப் பார்ப்பதாக ஆகிவிட்டது கதை. தெரியாமல் வந்து சேர்ந்த பொருளைத் தெரிந்தே தன்னுடையதாக்கிக்கொண்ட கை அது. அந்தப் பதினேழையும் கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுத்தது இவளுடைய கை.

அன்றைக்குப் பிடித்த பயம். வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர்.

"நீ வேணும்னு பண்ணியா?"

"இல்லங்க."

"அப்ப விடு. பெரிய இடத்து விவகாரம். நாமளா போய் வாயைக் குடுத்து எதுக்கு மாட்டிக்கணும்? யாராவது கேட்டாங்களா?"

"கேக்கலை."

"கேக்கலைல்ல, பேசாம படு."

படுத்தாள், தூக்கம் வரவில்லை. அந்த ப்ரூஃப் கட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று அவளுக்கே தெரியாது. நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு ஒரு நாள் லீவு போடவில்லை. காய்ச்சல் வந்தபோதும் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தாள், அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் என்ன ஆவது? முதலாளி "அம்மா" என்று கூப்பிட்டாலே நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கையில் பையோடு யார் படியேறினாலும் வக்கீலோ போலீசோ என்று தோன்றியது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனம் மடியில் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கிடையில் மீட்டர்காரரின் நாவலை யாரும் புத்தகமாகப் போடாமல் திருப்பி அனுப்பி, கடைசியில் ஒரு சின்னப் பத்திரிகை தொடராகப் போட்டுக்கொண்டிருந்தது. செய்தித்தாளில் பெரியவரின் அத்தியாயம் வந்த இரண்டாவது வாரம் மீட்டர்காரரின் கடைசி அத்தியாயம் வந்தது. யாரோ ஒரு வாசகர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மீட்டர்காரர்தான் திருடியிருக்கிறார் என்று கடிதம் எழுதினார். 'பட்டப்பகல் திருட்டு' என்று தலைப்புப் போட்டு அதே செய்தித்தாள் அதை வெளியிட்டது. குடிநீர் அலுவலகத்தில் அந்தத் துண்டை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மீட்டர் பார்க்கப் போன வீடுகளில், "பாத்துங்க, வீட்ல கதை ஏதாவது இருந்தா பத்திரமா வெச்சுக்கங்க" என்று கேலி பேசினார்கள்.

அவர் அச்சகத்துக்கு ஓடி வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அம்மா, நான் உங்ககிட்ட அடிக்கக் குடுத்தது அவர் புத்தகம் வர்றதுக்கு முந்தி. கம்ப்யூட்டர்ல தேதி இருக்கும்னு சொல்றாங்களே. அதை மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். பெரியவர் வீட்டிலிருந்து காலையிலேயே அவருக்குப் போன் வந்திருந்தது. "பழசெல்லாம் வைரஸ் வந்து அழிஞ்சு போச்சு சார். என்னம்மா, போச்சுல்ல?" என்று அவளைப் பார்த்தார்.

டைப்பிங்கம்மா தலையை ஆட்டினாள். மீட்டர்காரர் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே ஆளை வரவழைத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய வேலைகளை முதலாளி ஒன்றுவிடாமல் அழிக்க வைத்தார். "அந்த ப்ரூஃப் கட்டு எங்கம்மா? எழுத்தாளர் ஐயா கேக்கறாரு" என்றும் இரண்டு முறை கேட்டார். "தேடறேன் சார்" என்று சொல்லிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். நல்லவளாக இருந்து மறைத்தாளா, பயந்து மறைத்தாளா என்றால், பயந்துதான். அதை வெளியே எடுத்தால் யார் கையில் கிடைத்தாலும் முதல் அடி தனக்கு என்பது அவள் கணக்கு.

நாள் ஓடி மூன்று மாதம் ஆயிற்று. ஒரு மத்தியானம் மூன்று மணி இருக்கும். மீட்டர்காரர் மறுபடி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். முதலாளியே கூட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"அம்மா, சாருக்கு ஒரு லெட்டர் அடிச்சுக் குடுங்க. நாலு மணிக்கு ஐயா வர்றாரு, அவர் கையிலயே குடுத்துட்டா விஷயம் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு இயந்திர அறைக்குப் போனார்.

அவள் தாளை வாங்கிச் சாய்வுப் பலகையில் செருகினாள். அடிக்க ஆரம்பித்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு. தங்கள் நாவலின் இறுதி அத்தியாயத்தைக் களவாடி என் பெயரில் வெளியிட்டது உண்மை. அதற்காகத் தங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி என் ஆயுளில் ஒரு வரியும்' என்பது வரைக்கும் விரல் போயிற்று. அங்கே நின்றுவிட்டது. அவள் படித்துவிட்டாள்.

"சார், இது நீங்க எழுதினதா?"

"அவங்க ஒரு மாதிரி குடுத்தாங்கம்மா. பாத்து எழுதினேன்."

"நீங்க திருடலைல்ல சார். அப்புறம் எதுக்கு இப்படி?"

"பத்து வருஷத்துக்கு முன்னாடியே ஐயா இந்தக் கதையை ஒரு கூட்டத்துல சொல்லியிருக்காராம். நானும் முன் வரிசையில உக்காந்து கேட்டேன்னு ரெண்டு பேர் சொல்றாங்க. எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா போயிருப்பேனோ என்னவோ. எவ்வளவோ கூட்டத்துக்குப் போயிருக்கேன். அவ்ளோ பெரிய மனுஷன் பொய் சொல்லுவாராம்மா?"

இத்தனை நாளும் பயந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. எதிரே ஒரு மனிதர் தன் தலைக்குள் இருந்ததையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சார், அந்த வீட்டுல தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"மாடியிலம்மா. ரோஜாத் தொட்டிங்க எட்டு இருந்துச்சு. தான் ஊருக்குப் போனாலும் செடி காயக் கூடாதுன்னு அந்தம்மா நூல் மாதிரி ஒரு குழாய் இழுத்து விட்டிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பியே வரலை. நான்தான் மாடி ஏறிப் பாத்தேன். செடியெல்லாம் பச்சைப் பசேல்னு இருந்துச்சு." முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. உடனே போய்விட்டது. "நான்தானம்மா பாத்தேன்?" என்று அவளிடமே கேட்டார்.

மணி மூன்றே முக்கால். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் வந்தது. எழுந்தாள். மெத்தையைத் தூக்கிக் கட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பழைய வேலையின் மேல் புதியதை அடித்தது, பத்தை அழித்துப் பதினொன்றை விட்டது, சிவப்பு மை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு 'மகன்' மேலும் விரலை வைத்து வைத்துப் போனார், மீட்டரில் எண்ணைப் படிக்கிற வழக்கம்போல.

அப்போதுதான் பெரியவர் உள்ளே வந்தார், பின்னால் முதலாளி. சிவப்பு மையைப் பெரியவர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டார். ஆனால் நடை மாறவில்லை. பழகிய ஆள்.

"ஓ, கிடைச்சிடுச்சா" என்றார் நிதானமாக. "டைப்பிங்ல ஏதோ கலந்து போயிருக்கு போல. இந்தம்மாதான் அடிச்சது. நான் என்ன செய்ய முடியும், என் நாவல்ல இருந்துச்சு, என்னோடதுன்னு நினைச்சேன்."

"ஆமாங்கய்யா, கலந்தது நான்தான்" என்றாள் டைப்பிங்கம்மா. குரல் கீச்சென்று வந்தது, இருந்தாலும் வந்தது. "ஆனா உங்களோடதுன்னு நினைச்சிருந்தா மீட்டர்காரனை எதுக்கு மகனா மாத்தினீங்க? பதினேழு இடம். அந்தக் கை என்னோடது இல்ல."

இயந்திரம் நின்றிருந்தது. முதலாளி, "நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்றார். பெரியவர் கட்டை வாங்கக் கையை நீட்டினார். மீட்டர்காரர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். கைகலப்பு ஒன்றும் இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, அவர் அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள்.

தெருமுனையில் அவர் நின்றார்.

"அன்னைக்கு நான் வந்து தேதி கேட்டேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

இதற்குத்தான் அவள் மூன்று மாதமாகப் பயந்திருக்கிறாள். வக்கீலுக்கும் போலீசுக்கும் இல்லை, இந்தக் கேள்விக்கு.

"தெரியும் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் திருடிட்டேன்னு என் சம்சாரத்துகிட்டயே சொல்லிட்டேன்மா" என்றார். "முதல்ல அவ நம்பலை. நான்தான் நம்ப வெச்சேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

இரண்டு தெரு தள்ளி வீடு. குறுகலான மாடிப்படி. ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது அவளுக்கு. பெரியவரிடம் பேச வந்த தைரியம் அந்தப் படியில் எங்கே போயிற்றோ. கதவைத் தட்டியதும் மீட்டர்காரரின் மனைவி திறந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, புருஷனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் திருடலைங்க" என்றாள் டைப்பிங்கம்மா. "இவரோடதைத்தான் அவர் எடுத்துக்கிட்டாரு. அது அங்க போனது என்னாலதான். எனக்கு மூணு மாசமா தெரியும். பயந்துக்கிட்டு சொல்லாம இருந்துட்டேன்."

அந்த அம்மாளுக்கு இது ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏறியதும் முகம் வெளுத்துவிட்டது. இவளை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

"திருட்டுப் பொருள் வீட்ல இருக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நீங்க அந்த லெட்டர் எழுத உக்காந்திருந்தீங்கல்ல நேத்து. அப்பதான் நோட்டெல்லாம் மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போய் எரிச்சுட்டேங்க."

"பழைய நோட்டா?" என்றார் மீட்டர்காரர். "அது பரவாயில்லடி, அச்சுல இருக்கு. புதுசு? நாலு வருஷமா எழுதிட்டு இருந்தேனே, அது தனியா கட்டி வெச்சிருந்தேனே."

"எது பழசு எது புதுசுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்" என்றார் அவர் மனைவி.

மீட்டர்காரர் அவர்களைத் தாண்டி உள்ளே போனார். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வாசலிலிருந்தே தெரிந்தது, தட்டுகள் எல்லாம் காலி. டைப்பிங்கம்மாவை யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றாள்.